டிஸெபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டதா? நீலகிரி முன்னாள் படைவீரர்களுக்கு மேல்முறையீட்டு வழிகாட்டி

டிஸெபிலிட்டி பென்ஷன், அதாவது பணியில் வந்த நோய், காயத்தால் உண்டான இயலாமைக்கான பென்ஷன், கிடையாது என்று ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து (பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ராணுவ அலுவலகம்) வரும் நிராகரிப்புக் கடிதம் பெரும்பாலும் ஒரே தாள்தான். பதினேழு, இருபது வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வெலிங்டன், அருவங்காடு, கோத்தகிரி, கூடலூர் பக்கம் குடியேறியவர் அந்தத் தாளைப் படித்ததும், "மேலிடத்தில் முடிவு பண்ணிட்டாங்க, இனி என்ன இருக்கு" என்று டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறார். நம் மலையில் இப்படிப் பூட்டிக் கிடக்கும் கடிதங்கள் நிறைய. அது கடைசி முடிவு அல்ல. அதற்கு மேல் இரண்டு மேல்முறையீட்டுக் குழுக்கள் இருக்கின்றன. அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அதற்கும் மேலே உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம். ஏறிப் போனவர்களில் பலர் வாங்கியிருக்கிறார்கள்.

முதல்முறையாக இதில் இறங்குகிறவருக்காகவும், கணவருடைய காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிற வீட்டுப் பெண்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தரைப்படையை, அதிலும் சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை உள்ளவர்களை மனதில் வைத்திருக்கிறேன். கப்பற்படை, விமானப்படைக்காரர்களுக்கும் அடிப்படை இதுதான். அலுவலகங்களின் பெயர் மட்டும் மாறும்.

எது கிடைக்க வேண்டியது?

டிஸெபிலிட்டி பென்ஷனுக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, உங்கள் நோயோ காயமோ ராணுவப் பணியால் வந்திருக்க வேண்டும். அல்லது ஏற்கெனவே இருந்தது பணியால் மோசமாகியிருக்க வேண்டும். இரண்டு, மெடிக்கல் போர்டு (ராணுவ டாக்டர்கள் குழு) அதனால் வந்த இயலாமையை 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மதிப்பிட்டிருக்க வேண்டும். இரண்டில் எது இல்லை என்று சொல்லி மறுத்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். வழி அங்கேயே பிரிகிறது.

பணமாக எவ்வளவு? நூறு சதவீத இயலாமைக்கு, பென்ஷன் கணக்கில் வரும் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். உதாரணத்துக்கு உங்கள் கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு சதவீதத்துக்கு மாதம் 12,000. போர்டு 30 சதவீதம் போட்டிருந்தால் 3,600. இது சர்வீஸ் பென்ஷனுக்கு மேல் தனியாக வருவது. இதற்கும் அகவிலைப்படி உண்டு.

இங்கேதான் 'ரவுண்டிங் ஆஃப்' வருகிறது. 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதப்படி 50-க்குக் கீழே இருப்பதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருப்பதை 75 ஆகவும், 76 முதல் 100 வரை இருப்பதை 100 ஆகவும் கணக்கிட வேண்டும். அப்படியென்றால் மேலே சொன்ன 3,600 ரூபாய் 6,000 ஆகிறது. முதலில் இந்தச் சலுகையை, நோயால் பாதியில் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் அரசு கொடுத்தது. பணிக்காலத்தை முழுதாக முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனாலும் கேட்காமல் தானாக வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மனுவில் தனிக் கோரிக்கையாக எழுத வேண்டும்.

20 சதவீதத்துக்குக் கீழே போட்டிருந்தால் நிலைமை கடினம். பணிக்காலம் முடித்து வந்தவருக்கு 20-க்குக் கீழே இருந்தால் டிஸெபிலிட்டி பென்ஷனும் இல்லை, ரவுண்டிங்கும் இல்லை என்று 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நிலையில் இருப்பவர், மதிப்பீடே தவறு என்று காட்டி மறு போர்டு கேட்பதுதான் வழி. நோய் காரணமாகப் பாதியிலேயே வெளியே அனுப்பப்பட்டவருக்கு வேறு கணக்கு: வேலைக்கே லாயக்கில்லை என்று அனுப்பியிருக்கும்போது இயலாமை 20-க்குக் குறைவு என்று சொல்ல முடியாது என்பது 2014 சுக்விந்தர் சிங் தீர்ப்பு.

தானே கேட்டு டிஸ்சார்ஜ் வாங்கி வந்தவர்கள் பலர், நமக்கு இது கிடையாது என்று நினைக்கிறார்கள். 2006 ஜனவரி 1 முதல் அப்படி வந்தவர்களுக்கும் உண்டு என்று 2009 செப்டம்பர் 29 தேதியிட்ட அரசுக் கடிதம் இருக்கிறது.

போர்டு தாள்கள் இல்லாமல் எதுவும் எழுதாதீர்கள்

கோபத்தில் உடனே ஒரு மனு எழுதிப் போடுவது பலர் செய்வது. "இருபது வருடம் நாட்டுக்கு உழைத்தேன், பனியில் நின்றேன், எனக்கு நியாயம் வேண்டும்" என்று இருக்கும் அந்த மனு. உண்மைதான். ஆனால் மேல்முறையீட்டுக் குழு பார்ப்பது போர்டு எழுதிய கருத்தை. அது என்ன என்றே தெரியாமல் பதில் எழுத முடியாது.

வேண்டியது ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது பட்டாளத்தை விட்டு வரும்போது நடந்த போர்டின் நடவடிக்கைத் தாள்கள். படிவத்தின் எண் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16. கூடவே, நீங்கள் லோ மெடிக்கல் கேட்டகிரி (உடல்தகுதி குறைந்த பிரிவு) ஆனபோது நடந்த போர்டுகளின் தாள்கள் (படிவம் 15), ஆஸ்பத்திரி கேஸ் ஷீட், காயம் என்றால் இன்ஜுரி ரிப்போர்ட், விசாரணை நடந்திருந்தால் அதன் முடிவு, பட்டாளத்தில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள். எந்த இடத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்ற போஸ்டிங் விவரமும் வேண்டும்.

மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்களுக்கு ரெக்கார்ட் ஆபீஸ் வெலிங்டனிலேயே இருக்கிறது. மற்ற ரெஜிமெண்ட், கோர்களில் இருந்தவர்களுக்கு வட இந்தியாவிலோ பெங்களூரிலோ புனேயிலோ இருக்கலாம். பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். நேரில் போய் வாய்மொழியாகக் கேட்டு வந்ததற்குப் பின்னால் சாட்சி இருக்காது. சாதாரண விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லையென்றால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, அந்த ரெக்கார்ட் ஆபீஸின் பொதுத் தகவல் அதிகாரிக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் சொந்த மருத்துவத் தாளைத்தான் கேட்கிறீர்கள்; மறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், டிஸ்சார்ஜ் தேதி, போர்டு நடந்த ஆஸ்பத்திரி, தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். அனுப்பும்போது ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.

வந்த தாள்களை அன்றே ஜெராக்ஸ் எடுத்து, செல்போனிலும் படம் பிடித்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் வீட்டுப் பீரோவுக்குள்ளேயே காகிதம் பூத்துவிடும். கார்பன் காப்பியில் எழுதிய பழைய கேஸ் ஷீட் ஒரு மழைக்காலத்தில் படிக்க முடியாமல் போய்விடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடுப்புக்கல் பக்கத்துச் சுவரில் இருக்கும் அலமாரியில் வையுங்கள்.

எல்லாம் தொங்குவது ஒரு வரியில்

படிவம் 16-ஐப் புரட்டினால் கடைசிப் பக்கங்களில் போர்டின் கருத்து இருக்கும். கட்டம் கட்டிய ஒரு பட்டியல். இடது பக்கம் நோயின் பெயர். அடுத்த கட்டத்தில் "பணியால் ஏற்பட்டதா?" என்ற கேள்வி, அதற்கு நேரே 'நோ'. அடுத்து "பணியால் அதிகரித்ததா?", அதிலும் 'நோ'. அதற்கடுத்து "பணியோடு தொடர்பில்லாததா?", அங்கே 'எஸ்'. கடைசிக் கட்டத்தில் காரணம். அது சில நேரம் இரண்டே வரி. மறுக்கப்பட்ட கேஸ்களில் அடிக்கடி பார்க்கக்கூடிய காரணம் இதுதான்: நோய் பீஸ் ஸ்டேஷனில் (போர்ச் சூழல் இல்லாத பணியிடம்) தொடங்கியது, ஃபீல்டு (களப் பணியிடம்), உயரமான பகுதி, தீவிரவாத எதிர்ப்புப் பணி ஆகியவற்றின் அழுத்தத்தோடு காலத் தொடர்பு இல்லை.

அந்த வரியைப் பத்து தடவை படியுங்கள். உங்கள் முழு மேல்முறையீடும் அதற்கான பதில்தான்.

நம் ஊர் ஆட்களுக்கு இதில் ஒரு குறிப்பான சிக்கல் வரும். வெலிங்டன் பீஸ் ஸ்டேஷன். ஜம்மு காஷ்மீரிலோ சியாச்சினிலோ வடகிழக்கிலோ இரண்டு மூன்று வருடம் இருந்த நாயக் ஒருவர் ரெஜிமெண்டல் சென்டருக்கு போஸ்டிங்கில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்த சில மாதத்தில் தலைசுற்றல். வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம். காகிதத்தில் நோய் தொடங்கிய இடம் வெலிங்டன் என்று பதிவாகிவிடுகிறது. பத்து வருடம் கழித்து போர்டு அதையே எடுத்து எழுதுகிறது. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, முதுகுத்தண்டு வட்டு விலகல் எல்லாம் கண்டுபிடித்த அன்றைக்குப் பிறப்பவை அல்ல. கண்டுபிடித்த தேதி வேறு, தொடங்கிய தேதி வேறு. ஃபீல்டிலிருந்து இறங்கி எத்தனை மாதத்தில் கண்டுபிடித்தார்கள், அதற்கு முன் எம்.ஐ. ரூமில் (யூனிட்டின் மருத்துவ அறை) தலைவலி, முதுகுவலி என்று மாத்திரை வாங்கினீர்களா, சிக் ரிப்போர்ட்டில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் அதுதான் உங்கள் மனுவின் முதுகெலும்பு.

இன்னொன்று. "மலைக்காரன்தானே, குளிரும் உயரமும் உனக்குப் பழக்கமில்லையா" என்ற பேச்சு காதில் விழும். இதற்கு நேரான பதில் இருக்கிறது. ராணுவக் கணக்கில் உயரமான பகுதி என்பது 2,700 மீட்டரில்தான் தொடங்குகிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர். நீலகிரியின் மிக உயர்ந்த இடம்கூட அந்தக் கணக்குக்குள் வராது. குன்னூரில் பிறந்ததால் லடாக்கின் காற்று யாருக்கும் பழகிவிடுவதில்லை. உயரமான பகுதியில் இருந்த காலத்தைத் தேதியோடு, யூனிட் பெயரோடு எழுதுங்கள்.

காயம் என்றால் கேள்வி வேறு மாதிரி. காயம் பட்டபோது பணியில் இருந்தீர்களா? விடுப்பில் வீட்டுக்கு வரும் பயணமும், முடிந்து திரும்பும் பயணமும் பணியாகவே கருதப்படும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலைப் பாதையில் பஸ் விபத்தில் அடிபட்டவர், அது லீவு என்று நினைத்து விட்டுவிடக் கூடாது; மூவ்மெண்ட் ஆர்டர், லீவ் சர்டிபிகேட், பஸ் டிக்கெட், எஃப்.ஐ.ஆர். எல்லாம் சேர்த்துக் கேட்கலாம். அதே ஆள் லீவில் இருக்கும்போது சொந்தத் தேயிலைத் தோட்டத்தில் வழுக்கி விழுந்து கால் முறிந்தால், அதற்கும் ராணுவப் பணிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். அங்கே வாதம் பலவீனம். அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு தூரம் இருக்கிறது

2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒவ்வொரு மனுதாரரும் அறிந்திருக்க வேண்டும். அவர் சிக்னல் கோரில் சிப்பாய். வலிப்பு நோய் காரணமாக அனுப்பப்பட்டவர். இந்தப் பென்ஷன் யாருக்கு உண்டு என்று சொல்லும் 1982-ஆம் ஆண்டு உரிமை விதிகளை எடுத்து வைத்து நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: சேரும்போது ஒருவருக்கு நோய் இருப்பதாகப் பதிவு இல்லையென்றால் அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் பணியால் வந்தது என்று அனுமானிக்க வேண்டும். இல்லை என்று சொல்வது போர்டு என்றால், ஏன் இல்லை என்று காரணம் எழுத வேண்டும். நிரூபிக்கும் சுமை சிப்பாயின் தலையில் இல்லை. சந்தேகம் வந்தால் அதன் பலன் அவருக்கு. 2025-லும் இதே வழியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வந்தன. காரணம் எழுதாத போர்டின் கருத்தை வைத்து பென்ஷனை மறுக்க முடியாது என்று அவை அழுத்திச் சொல்லின.

இதைக் கேட்டு எல்லோருக்கும் உறுதியாகக் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். போர்டின் கருத்துக்கே முதன்மை கொடுத்து மறுத்த தீர்ப்புகளும் இருக்கின்றன. 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோயில் அப்படித் தானாக அனுமானிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விதிகளும் மாறிக்கொண்டு வருகின்றன. 2008 விதிகளில் பணிக்கும் நோய்க்கும் உள்ள காரணத் தொடர்பு என்ற நிபந்தனை அழுத்தமாக வந்தது. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்குப் புதிய விதிகளும் புதிய மருத்துவக் கையேடும் பொருந்தும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் 2010-இல் வாங்கிய ஆர்டரை அப்படியே காப்பி அடித்தால் வேலைக்கு ஆகாது. உங்கள் டிஸ்சார்ஜ் தேதிக்கு எந்த விதி என்று முதலில் பாருங்கள்.

முதல் மேல்முறையீடு

நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம். கடிதத்தின் கடைசிப் பத்தியில் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்றே இருக்கும். பொதுவாக ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக, டெல்லியில் இருக்கும் முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகும். கடிதம் வந்த கவரைத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரைத் தேதிதான் உங்களுக்குக் கடிதம் எப்போது கிடைத்தது என்பதற்குச் சாட்சி.

மனு ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருப்பது நல்லது. எழுத வராதவர்கள் உதகமண்டலத்தில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போகலாம். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை), நிராகரிப்புக் கடிதம், போர்டு தாள் நான்கையும் எடுத்துப் போங்கள். இல்லாமல் போனால், "தாள் கொண்டு வாங்க சாப்" என்று திரும்பி வர வேண்டியதுதான். கோத்தகிரியிலிருந்தோ கூடலூரிலிருந்தோ வருகிறவருக்கு அது ஒரு முழு நாள்.

மனுவின் நீளம் மூன்று பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதலில் பணி விவரம். அப்புறம் நோய் வந்த கதை, தேதி வாரியாக. பிறகு போர்டு எழுதிய காரணத்தை அப்படியே எடுத்தெழுதி, அதன் கீழே பதில். ஒரு மாதிரி, தமிழில்:

"போர்டு நடவடிக்கையின் கருத்துப் பகுதியில், எனது நோய் பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்று காரணம் எழுதப்பட்டுள்ளது. நான் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன யூனிட்டில் உயரமான பகுதியில் பணியாற்றினேன். அங்கிருந்து வந்த ஐந்தாவது மாதத்தில் நோய் கண்டறியப்பட்டது. உயரமான பகுதியில் இருந்தபோதே இன்ன தேதியில் தலைவலிக்காக எம்.ஐ. ரூமில் சிகிச்சை பெற்றதற்கான நகல் இணைப்பு 4. படையில் சேர்ந்தபோது நடந்த பரிசோதனையில் இந்த நோய் இருந்ததாகப் பதிவு இல்லை. அதன் நகல் இணைப்பு 2. சேரும்போது இதைக் கண்டறிய முடியாமல் போனதற்கு போர்டு எந்தக் காரணமும் எழுதவில்லை."

இவ்வளவுதான். உணர்ச்சி வேண்டாம், பெரிய வார்த்தை வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கட்டும். முடிவில் மூன்று கோரிக்கைகள்: நோய் பணியால் ஏற்பட்டது அல்லது அதிகரித்தது என்று ஏற்க வேண்டும், டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து டிஸெபிலிட்டி பென்ஷன் தர வேண்டும், ரவுண்டிங் சலுகை தர வேண்டும்.

குழு சிலரை மறுபடியும் மருத்துவப் போர்டுக்கு வரச் சொல்லும். போகத் தவறாதீர்கள். இப்போது சாப்பிடும் மருந்துச் சீட்டு, சமீபத்திய பரிசோதனை முடிவுகள், எல்லாம் கையில் இருக்கட்டும். போர்டில் அளவு கூடுதலாகத் தெரியட்டும் என்று நான்கு நாள் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பக்கவாதம் வந்து படுத்தால் எந்தப் பென்ஷனும் அதை ஈடு செய்யாது. மாத்திரை சாப்பிட்டும் கட்டுப்படவில்லை என்ற பதிவுதான் உங்களுக்குப் பலம்.

முதல் குழு மறுத்தால், அந்தக் கடிதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இரண்டாவது மேல்முறையீட்டுக் குழு. முதல் மனுவையே மறுபடி அனுப்பாதீர்கள். முதல் குழு என்ன புதிய காரணம் சொன்னதோ அதற்குப் பதில் சேருங்கள்.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம்

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2009-இல் செயல்படத் தொடங்கிய தீர்ப்பாயம் இது. நமக்குரியது சென்னை மண்டல அமர்வு. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கேரள எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால் கொச்சிதானோ என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் வசிக்கும் ஓய்வு பெற்றவர்களுக்குச் சென்னைதான் வழக்கம்.

இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். மேல்முறையீடு அனுப்பி ஆறு மாதமாகியும் பதிலே இல்லையென்றால், அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து அடுத்த ஆறு மாதத்துக்குள் போடலாம். காலம் கடந்துவிட்டதா? தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனுவும் சேர்த்துப் போடலாம். பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படும் தொடர் பாதிப்பு என்பதால் பழைய கேஸ்களும் ஏற்கப்படுகின்றன. ஆனால் 2008-இல் தர்செம் சிங் வழக்கில் வந்த தீர்ப்பைக் காட்டி, தாமதமாக வந்தவருக்கு மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருட நிலுவை மட்டும் கொடுப்பார்கள். அதனால் பதினைந்து வருடம் சும்மா இருந்தவர் இழப்பது பெரிய தொகை. பெட்டிக்குள் கடிதம் வைத்திருப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். டிஸ்சார்ஜுக்குப் பிறகு முதல் கோரிக்கையே 15 வருடம் கழித்துத்தான் வைக்கிறீர்கள் என்றால், 2008 விதிப்படி நிரூபிக்கும் சுமையும் உங்கள் பக்கம் வந்துவிடும்.

வக்கீல் விஷயம். வரும் அரியரில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேசுகிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்; பார் கவுன்சில் விதிகளே அதைத் தடை செய்கின்றன. கட்டணத்தை முன்பே பேசி, எழுத்தில் வாங்குங்கள். வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் உதவி உண்டு. உதகையில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுங்கள்.

கணவர் இறந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் அக்காமார்களுக்கு: ஓய்வு பெற்றவரின் பணி சார்ந்த விஷயத்தில் அவரைச் சார்ந்தவர்களும் வாரிசுகளும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சட்டமே சொல்கிறது. குடும்ப பென்ஷன் வேறு, அவருக்கு வர வேண்டியிருந்த நிலுவை வேறு. இரண்டையும் கேட்கலாம்.

எதிர்த்தரப்பு பாதுகாப்புச் செயலர், தரைப்படைத் தளபதி, ரெக்கார்ட் ஆபீஸ், பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகம் என்று போகும். ஒவ்வொரு விசாரணைக்கும் நீங்கள் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போக வேண்டியதில்லை, வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆனால் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுதும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் போஸ்டிங் தேதி ஒன்று தப்பாக இருந்தாலும் அரசுத் தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

தீர்ப்பாயமும் மறுத்தால், பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி இருந்தால் உச்ச நீதிமன்றம். உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரமும் இருக்கிறது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இது வக்கீலோடு உட்கார்ந்து பேச வேண்டிய இடம்.

மருத்துவச் செலவு மறுக்கப்பட்டால்

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பற்றியும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கமான வழி, அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கி, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போவது. சிக்கல் எப்போதும் அவசரத்தில்தான் வருகிறது. ராத்திரி நெஞ்சுவலி, கோயம்புத்தூர் போக மலை இறங்க வேண்டும், மழையில் பர்லியார் பக்கம் மரம் விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில் சேர்க்கத்தான் செய்வோம். அப்படிச் செய்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று எழுதி வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரிஜினல் பில்லும் தவிர, அது அவசரநிலைதான் என்று அந்த டாக்டர் எழுதிய சான்றும் வேண்டும். அதை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிடுவதுதான் பிறகு தலைவலியாகிறது. பாதை அடைபட்டிருந்தால் அன்றைய செய்தித்தாள் துண்டையும் சேர்த்து வைக்கலாம்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாலிகிளினிக் பொறுப்பதிகாரி, அப்புறம் மண்டல மையம், அப்புறம் டெல்லித் தலைமை என்று மேலே போகலாம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது என்று 2018-இல் சிவ காந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மத்திய அரசு ஊழியர் திட்டம் சார்ந்த வழக்கு என்றாலும் மனுவில் எடுத்துக் காட்டலாம்.

ஆர்டர் வந்த பிறகு

ஆர்டர் வந்தால் வேலை முடிந்தது என்று இனிப்பு வாங்கப் போய்விடாதீர்கள். சான்றளிக்கப்பட்ட நகல் வாங்கி, முகப்புக் கடிதத்தோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்புங்கள். ஆர்டரில் இத்தனை மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று இருக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். கடந்துவிட்டால் அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்றக் கோரும் மனு போடலாம். அரசு மேலே போகலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

புதிய பி.பி.ஓ. ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறைப் பென்ஷன் இணையதளத்தில் ஏறியதும் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். சதவீதம் ரவுண்டிங் செய்யப்பட்டதா? தொடக்கத் தேதி ஆர்டரில் உள்ளதுதானா? ஆயுளுக்கா, அல்லது சில வருடத்துக்கு மட்டுமா? சில வருடத்துக்கு மட்டும் என்றால், அந்தக் காலம் முடிவதற்குள் மறு போர்டு கேட்டு எழுத வேண்டும்.

ஸ்பர்ஷ் ஐ.டி., பாஸ்வேர்ட், ஓ.டி.பி. எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். "அரியர் சீக்கிரம் எடுத்துத் தரேன் சாப்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பாஸ்புக்கில் தொகை ஏறிய அன்று, மாத விகிதம், மாத எண்ணிக்கை, அகவிலைப்படி மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் நிலுவைக் கணக்கு விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைப் பிள்ளைகளை வைத்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள். குறைந்தால் அதற்கும் ஒரு கடிதம், அதே ஆர்டர் நகலோடு.